கிழிந்த ஜவ்வும் இறுகிய கட்டும்: ஏழை வீட்டுக் கால்பந்தாட்டக்காரர்களின் காயங்கள் எங்கே பெரிதாகின்றன?

2022 நவம்பர் 15 அன்று காலை, சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் 17 வயதுக் கால்பந்து வீராங்கனை ஒருவர் உயிரிழந்தார். வியாசர்பாடியைச் சேர்ந்தவர். ராணி மேரிக் கல்லூரியில் உடற்கல்வி பயின்ற முதலாமாண்டு மாணவி. வலது முழங்காலில் ஜவ்வு கிழிந்ததற்காக நவம்பர் 7 அன்று பெரியார் நகர் அரசு மருத்துவமனையில் அவருக்கு ஆர்த்ரோஸ்கோப்பி முறையில் அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. அதன்பின் போடப்பட்ட அழுத்தக் கட்டு காலின் குருதியோட்டத்தைத் தடுத்துவிட்டது. ராஜீவ் காந்தி மருத்துவமனைக்கு மாற்றப்பட்டு, அங்கே கால் அகற்றப்பட்டது. அதன் பிறகும் உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்தன. மருத்துவர்களின் கவனக்குறைவே காரணம் என்று மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சரே ஒப்புக்கொண்டார். இரண்டு மருத்துவர்கள் பணியிடைநீக்கம் செய்யப்பட்டனர். குடும்பத்திற்கு 10 லட்சம் ரூபாயும் ஒருவருக்கு அரசுப் பணியும் அறிவிக்கப்பட்டன.

அவர் பெயரைத் தமிழ்நாடு அறியும். அதை இங்கே மீண்டும் எழுதப்போவதில்லை. அவர் எந்தச் சாதியில் பிறந்தார் என்ற ஆராய்ச்சியும் தேவையற்றது. வட சென்னையின் உழைக்கும் மக்கள் குடியிருப்பில் வளர்ந்து, பந்தை நம்பிக் கல்லூரிக்குள் நுழைந்த ஒரு பெண் என்பது போதும். இக்கட்டுரையின் கேள்வி வேறு. முழங்கால் ஜவ்வுக் கிழிசல் உயிர்க்கொல்லிக் காயம் அன்று. உலகெங்கும் ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோருக்கு அது நேர்கிறது. பெரும்பாலோர் மீண்டும் நடக்கிறார்கள், பலர் மீண்டும் ஆடுகிறார்கள். அப்படிப்பட்ட காயம் மைதானத்திலிருந்து வீட்டுக்கும், வீட்டிலிருந்து மருத்துவமனைக்கும், மருத்துவமனையிலிருந்து நீதிமன்றத்துக்கும் செல்லும் வழியில் எந்தெந்த இடங்களில் பெரிதாகிறது என்பதே கேள்வி.

கால்பந்து ஏன் இந்தக் குடியிருப்புகளின் விளையாட்டாயிற்று என்பதை விளக்கத் தேவையில்லை. மட்டையும் காலுறையும் ஆடுகளமும் கேட்கும் கிரிக்கெட்டைப் போலன்றி, ஒரு பந்துக்கு இருபது பேர் போதும். வியாசர்பாடியும் புளியந்தோப்பும் பக்கிங்காம் கர்நாட்டிக் ஆலையின் நிழலில் வளர்ந்தவை. 1921ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களின் குடிசைகள் எரிந்த மண் அது. 1996இல் ஆலை மூடப்பட்டபின், அடுத்த தலைமுறைக்கு நிலையான வேலைக்கான வழிகளில் ஒன்றாக விளையாட்டு எஞ்சியது. தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. இரயில்வே, பெரம்பூர் இரயில்பெட்டித் தொழிற்சாலை, வங்கிகள், வருமானவரித் துறை ஆகியவை அணிகளை வைத்திருக்கின்றன. கல்லூரிச் சேர்க்கையில் விளையாட்டு இடங்கள் உள்ளன. ஆகவே ஒரு சான்றிதழுக்காக ஆடப்படும் ஆட்டம் பொழுதுபோக்கு ஆகாது. ‘வலித்தால் உட்கார்ந்துகொள்’ என்று அந்தப் பிள்ளையிடம் சொல்வது எளிது. தேர்வு முகாம் அடுத்த வாரம் என்றால் யார் உட்காருவார்?

முழங்காலில் நடப்பது என்ன?

மக்கள் ‘ஜவ்வு’ என்று சொல்வதில் பல பொருள்கள் அடங்கியுள்ளன. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் நான்கு முதன்மை இணைப்புநார்கள் கட்டி வைத்திருக்கின்றன. மூட்டின் நடுவே குறுக்காகச் செல்லும் இரண்டில் முன்னால் இருப்பது ஏ.சி.எல். எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் கிடக்கும் இரண்டு குருத்தெலும்புத் தட்டுகள் மெனிஸ்கஸ் எனப்படும். ஏ.சி.எல். கிழிவதற்கு எதிராளி மோத வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலான கிழிசல்கள் யாரும் தொடாமலே நேர்கின்றன: ஓடிவந்து சட்டென நிற்கும்போது, ஊன்றிய காலின்மேல் உடலைத் திருப்பும்போது, தலையால் முட்டிவிட்டு ஒற்றைக் காலில் இறங்கும்போது. முழங்கால் உட்புறமாகச் சரிந்து, பாதம் வெளிப்புறம் நிற்கும் அந்த நொடியில் ‘டப்’ என்று ஓர் ஒலி கேட்டதாகப் பலரும் சொல்வர். சில மணி நேரத்தில் மூட்டு வீங்கும். இரண்டு, மூன்று வாரங்களில் வீக்கம் வடியும். நேராக நடக்கவும் முடியும்.

இங்கேதான் முதல் விபத்து நடக்கிறது. வீக்கம் வடிந்ததைக் குணமானதாக எடுத்துக்கொண்டு ஆட்டக்காரர் மைதானத்துக்குத் திரும்புகிறார். கட்டற்ற மூட்டு ஒவ்வொரு திருப்பத்திலும் வழுக்குகிறது. அப்படி வழுக்கும் ஒவ்வொரு முறையும் மெனிஸ்கஸ் சிதைகிறது. ஒரு நார்க் கிழிசல் ஓராண்டில் மூன்று காயங்களாகிறது. முப்பது வயதில் மூட்டுத் தேய்மானமாகிறது. கட்டடவேலைக்கோ துப்புரவுப் பணிக்கோ செல்ல வேண்டியவருக்கு முப்பது வயதில் முழங்கால் போவதன் பொருள் என்ன என்பதை வாசகர்களே அறிவர்.

அறுவை சிகிச்சை எல்லோருக்கும் உடனே தேவைப்படுவதில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். சுவீடனில் உடலுழைப்பும் விளையாட்டும் உள்ள 121 இளைஞர்களிடம் நடத்தப்பட்டு 2010இல் வெளிவந்த ஆய்வு புகழ்பெற்றது. ஒரு பிரிவுக்கு உடனடி அறுவையும் பயிற்சியும். மற்றப் பிரிவுக்கு முதலில் முறையான பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் பின்னர் அறுவை. இரண்டாண்டு முடிவில் இரு பிரிவினரின் நிலையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இரண்டாம் பிரிவில் பாதிக்கும் மேற்பட்டோர் அறுவையே இல்லாமல் சமாளித்தனர். தொழில்முறை வீரர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. எனவே இதைக் கொண்டு யாருக்கும் அறுவை வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாது. ஆயினும் அறுவைக்கூடத்துக்கு நிகரான முக்கியத்துவம் இயன்முறை மருத்துவருக்கு உண்டு என்பது தெளிவாகிறது. அறுவை செய்துகொண்டவருக்கும் அப்படியே. ஒன்பது மாதங்களுக்கு முன் ஆட்டத்துக்குத் திரும்பினால் மீண்டும் காயமடையும் வாய்ப்பு வெகுவாக உயர்கிறது. ஒன்பது மாதம் வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அந்த வாய்ப்பை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது என நார்வேயில் நடந்த ஆய்வு காட்டியது.

ஒன்பது மாதம் என்பது ஏழை வீட்டில் எவ்வளவு நீளமானது! முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. அது பலருக்கு உயிர்காத்த திட்டம். அதைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் அது மருத்துவமனையில் படுத்துச் செய்துகொள்ளும் சிகிச்சையை மையமாகக் கொண்டது. வாரத்துக்கு மூன்று நாள் பேருந்தேறிச் சென்று தொடைத் தசையை வலுவாக்கும் அந்த ஒன்பது மாதத்தை எந்த அட்டை தாங்குகிறது? கத்திக்குக் காப்பீடு உண்டு, காத்திருப்புக்கு இல்லை. இதனால் அறுவை நடந்துவிடுகிறது, மீட்சி நடப்பதில்லை.

பெண்கள், சிறுவர்கள்

பெண் கால்பந்தாட்டக்காரர்களுக்கு ஏ.சி.எல். கிழியும் வாய்ப்பு ஆண்களைவிட இரண்டு, மூன்று மடங்கு அதிகம். இடுப்பின் அகலம், ஹார்மோன் சுழற்சி என உடலிலேயே காரணம் தேடுவது நெடுங்கால வழக்கம். அண்மைக்கால ஆய்வாளர்கள் சிலர் இதைக் கேள்விக்குள்ளாக்குகின்றனர். சிறுவன் ஐந்து வயதிலிருந்தே குதித்தும் விழுந்தும் வளர்கிறான்; சிறுமி பன்னிரண்டு வயதில்தான் பந்தைத் தொடுகிறாள். அவளுக்குக் கிடைப்பது ஆண்கள் ஆடி முடித்தபின் எஞ்சும் நேரமும் மேடுபள்ளமான மைதானமும். பூட்ஸ்கூட ஆண்பாதத்துக்கு அளவெடுத்துச் செய்தது. இவை எல்லாம் சேர்ந்து முழங்காலில் இறங்குகின்றன என்பது அவர்கள் வாதம். சாதியைப் பற்றிச் சிந்தித்துப் பழகிய நமக்கு இந்த வாதம் புதிதன்று: சமூகம் செய்வதை உடலின் இயல்பு என்று பெயரிடுவது பழைய தந்திரம்.

இதோடு உணவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21) தரும் கணக்கின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. இரும்புச்சத்துக் குறைந்த உடல் விரைவில் களைக்கும். களைத்த கால் சரியாக இறங்காது. காலையில் தேநீரோடு மைதானத்துக்கு வந்து, இரண்டு மணி நேரம் ஓடி, அப்படியே வகுப்புக்குச் செல்லும் பெண்ணின் எலும்புக்குத் தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ளத் தேவையான ஆற்றல் மிஞ்சுவதில்லை. மாதவிடாய் தவறுவதை ‘ஆட்டம் ஆடினால் அப்படித்தான்’ என்று விட்டுவிடும் பயிற்சியாளர்கள் உண்டு. அது எலும்பு மெலிவதற்கும், தொடர்ந்த அழுத்தத்தால் எலும்பில் மயிரிழை விரிசல் விழுவதற்கும் முன்னறிவிப்பாக இருக்கக்கூடும். ஆண் பயிற்சியாளரிடம் அதைச் சொல்லும் சூழல் எத்தனை அணிகளில் இருக்கிறது என்பது தனிக் கேள்வி.

சிறுவர்களின் எலும்பு பெரியவர்களின் எலும்பைச் சிறிதாக்கியது அன்று. நீண்ட எலும்புகளின் முனையருகே, இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும் வளர்ச்சித் தட்டு உள்ளது. பெண்களுக்கு ஏறத்தாழ 14–16 வயதிலும், ஆண்களுக்கு 16–18 வயதிலும் அது மூடும். அதுவரை எலும்பின் மிக மெலிந்த பகுதி அதுவே. பெரியவருக்குச் சுளுக்கு ஏற்படுத்தும் அடி, சிறுவனுக்கு வளர்ச்சித் தட்டில் முறிவை ஏற்படுத்தலாம். கவனிக்காவிட்டால் ஒரு கால் குட்டையாகவோ கோணலாகவோ வளரக்கூடும். பத்து வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் இடையில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே புடைத்து வலிக்கும் ஆஸ்குட்–ஷ்லாட்டர் நிலையும் இந்த வயதுக்கே உரியது. ஆட்டத்தின் அளவைக் குறைத்தால் பெரும்பாலும் தானே அடங்கும். வயதைக் குறைத்துக் காட்டி ஆடவைக்கும் வழக்கத்தை விளையாட்டு நேர்மைக் கேள்வியாகவே பேசுகிறோம். 17 வயதுடையவன் 13 வயதினருக்கான ஆட்டத்தில் மோதும்போது முறிவது எதிரணிச் சிறுவனின் எலும்பு. அந்த வகையில் அது உடல்நலக் கேள்வியும்கூட.

தலையில் அடிபட்டால் மயங்கினால்தான் ஆபத்து என்ற நம்பிக்கையும் கைவிடப்பட வேண்டும். மூளை அதிர்ச்சி அடைந்தவர்களில் பத்தில் ஒருவர்கூட நினைவிழப்பதில்லை. மந்தமாகப் பேசுதல், ஸ்கோர் மறத்தல், குமட்டல், வெளிச்சம் கூசுதல் ஆகியவையே அடையாளம். ஐயம் எழுந்தாலே அன்றைய ஆட்டம் அவருக்கு முடிந்துவிட்டது. ஆறாத மூளைமேல் விழும் இரண்டாம் அடி, குறிப்பாக வளரிளம் பருவத்தினருக்கு, மூளை வீங்கி உயிரைப் பறிக்கவும் கூடும்.

ஒரு ஆட்டத்துக்கு இவ்வளவு

மாணவப் பருவம் முடிந்தபின் பலர் நுழைவது அரைத்தொழில்முறை ஆட்டம். மாவட்ட லீக், கோயில் திருவிழாக் கோப்பை, கிறிஸ்துமஸ், பொங்கல் போட்டிகள், மலபாரின் செவன்ஸ் பந்தயங்கள் எனப் பரந்த உலகம் அது. ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி. ஒப்பந்தம் இல்லை, மருத்துவர் இல்லை, காப்பீடு இல்லை. பகலில் வேறு வேலை. மாலையில் வேறு ஊர். இரவுப் பேருந்தில் உறக்கம். ஆடாத நாளுக்குக் கூலி இல்லையாதலால், வலிநிவாரணி ஊசியும் குளிர்விக்கும் ஸ்ப்ரேயும் இங்கே மருந்துகளாக அல்ல, வேலைக் கருவிகளாக ஆகிவிடுகின்றன. வலியை மறைத்த காலுக்குத் தன் எல்லை தெரியாது.

2019 டிசம்பர் 29 அன்று பெரிந்தல்மண்ணாவில் நடந்த செவன்ஸ் ஆட்டம் ஒன்றின் நடுவே, முன்னாள் ஐ லீக் வீரர் தனராஜன் நெஞ்சு வலித்துச் சரிந்து இறந்தார். 39 வயது. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் என்று கொல்கத்தாவின் பெரிய அணிகளுக்கு ஆடியவர், அந்த வயதிலும் செவன்ஸ் ஆடிக்கொண்டிருந்தார். இதயம் நின்ற ஒருவருக்கு மின்னதிர்வு தராமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 விழுக்காடு குறைக்கிறது. ஆயிரக்கணக்கானோர் கூடும் பந்தயங்களில் ஒலிபெருக்கிக்கும் பட்டாசுக்கும் பணம் இருக்கிறது. மின்னதிர்வுக் கருவிக்கு எங்கேனும் ஒதுக்கப்படுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். 2014 அக்டோபரில் மிசோரம் பிரீமியர் லீக்கில் கோல் அடித்த மகிழ்ச்சியில் குட்டிக்கரணம் போட்ட 23 வயது பீட்டர் பியாக்சாங்சுவாலா, கழுத்துத் தண்டுவடம் சிதைந்து சில நாட்களில் இறந்தார். கழுத்தில் அடிபட்டவரைக் கையையும் காலையும் பிடித்து நால்வர் தூக்கி ஓடுவது நம் மைதானங்களில் இன்றும் காணும் காட்சி. தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்தபடி 108 வரும்வரை அங்கேயே இருத்தி வைப்பதே சரி.

இத்தனைக்கும் நடுவில் ஒரு பாராட்டுச் சொல் சுற்றுகிறது. ‘குப்பத்துப் பசங்க இரும்பு மாதிரி’, ‘இவங்களுக்கு அடிபட்டாலும் ஒண்ணும் ஆகாது’ என்பார்கள். அன்பாகவே சொல்லப்படுவதும் உண்டு. ஆனால் இந்தச் சொல்லின் பூர்வீகம் நமக்குத் தெரியும். கடும் உழைப்புக்கென்றே படைக்கப்பட்ட உடல் என்று ஒரு மக்கள் கூட்டத்தைப் பார்த்துப் பழகிய கண், அவர்களின் வலியைக் காணாது. ஆட்டக்காரர்களும் அந்தச் சொல்லைப் பெருமையாக ஏற்று வலியை மறைக்கிறார்கள். ‘நடிக்கிறான்’ என்ற பழிக்கு அஞ்சி நொண்டாமல் நடக்கிறார்கள். மருத்துவமனைக் கூடத்தில் ‘வலிக்கத்தான் செய்யும், சும்மா இரு’ என்று அதே பார்வை தொடர்கிறது. மருத்துவ நோக்கில் இந்த ஒரு வாக்கியமே மிகவும் கொடியது. ஏன் என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

இறுகிய கட்டு எப்படிக் கொல்கிறது?

கை, காலின் தசைகள் நெகிழாத உறைகளுக்குள் அறை அறையாக அடைபட்டிருக்கின்றன. முறிவு, நசுங்கல், அறுவைக்குப் பிந்திய வீக்கம், வெளியே இறுகிய கட்டு ஆகிய எதனாலும் அந்த அறைக்குள் அழுத்தம் கூடலாம். ஓர் எல்லையைத் தாண்டியதும் நுண்குழாய்களில் குருதி நின்றுவிடும். இதற்குக் கம்பார்ட்மெண்ட் சிண்ட்ரோம் என்று பெயர். அறுவையின்போது குருதியை நிறுத்தத் தொடையில் கட்டும் டூர்னிகெட்டைப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைப்பதில்லை. குருதியில்லாத தசை நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் மீளாச் சேதம் அடையத் தொடங்குகிறது.

அடுத்து நடப்பதே பலருக்குத் தெரியாதது. இறந்த தசை காலோடு நிற்பதில்லை. அதிலிருந்து பொட்டாசியமும் மையோகுளோபின் என்ற புரதமும் குருதியில் கலக்கின்றன. மையோகுளோபின் சிறுநீரகத்தை அடைக்கிறது. பொட்டாசியம் இதயத் துடிப்பைக் குலைக்கிறது. காலில் தொடங்கியது உடல் முழுவதையும் வீழ்த்துவது இப்படித்தான். முழங்கால் சிகிச்சைக்குச் சென்றவர் உறுப்புகள் செயலிழந்து இறப்பது மர்மம் ஒன்றுமில்லை. நேரம் தவறியதன் விளைவு.

இதன் முதல் அறிகுறி வலி. சாதாரண வலி அன்று. காயத்துக்குப் பொருந்தாத அளவில், மருந்துக்கு அடங்காமல், நேரம் செல்லச் செல்லக் கூடும் வலி. கால்விரல்களை வேறொருவர் மெல்ல மடக்கி நீட்டும்போது கெண்டைக்காலில் உயிர் போகும் வலி. பிறகு விரலிடுக்கில் மரத்துப்போதல், எறும்பு ஊர்வது போன்ற உணர்வு. கால் வெளுத்தல், குளிர்தல், நாடி நின்றுபோதல் ஆகியவை கடைசியில் வருபவை. அவை வரும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். ஆகவே கட்டுப் போட்ட கால் தாங்க முடியாமல் வலிக்கிறது என்று நோயாளி சொன்னால் முதலில் செய்ய வேண்டியது கட்டைத் தோல்வரை முழுமையாகத் தளர்த்திப் பார்ப்பது. ஊசி போட்டு உறங்கவைப்பது அன்று. உடனிருப்பவர் இதைக் கேட்கத் தயங்கக் கூடாது: ‘கட்டை அவிழ்த்துப் பாருங்கள், விரலை அசைத்துப் பாருங்கள், பார்த்த நேரத்தை எழுதுங்கள்.’ இரவுப் பணியில் இருக்கும் பயிற்சி மருத்துவரிடம் இதைச் சொல்லும் துணிவு ஒரு கூலித் தொழிலாளித் தாய்க்கு எளிதில் வராது. அணித் தோழர்களும் கல்லூரி மாணவர்களும் அருகில் இருக்க வேண்டிய இடம் அது.

இதே விபத்து மருத்துவமனைக்கு வெளியிலும் நடக்கிறது. அடிபட்டதும் புத்தூர்க் கட்டுக்கு ஓடுவது சென்னையில் பலருக்கு இயல்பு. வரிசை இல்லை, கடிந்துகொள்பவர் இல்லை, செலவு முன்கூட்டியே தெரியும். இந்தக் காரணங்களை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் மூங்கில் பத்தையும் துணியும் வைத்து இறுக்கப்பட்ட கட்டினுள் வீக்கம் ஏறினால், மேலே சொன்ன அத்தனையும் நடக்கும். பாரம்பரியக் கட்டின் இறுக்கத்தால் கை, கால் அழுகி அகற்றப்பட்ட குழந்தைகளைப் பற்றி வளரும் நாடுகளின் மருத்துவ இதழ்கள் பல பத்தாண்டுகளாகப் பதிவு செய்துள்ளன. எண்ணெய் தடவி உருவுவதும் அப்படியே. அடிபட்டுக் கன்றிய தொடைத் தசையை அழுத்தி உருவினால் உள்ளே குருதிக்கசிவு கூடி, தசைக்குள்ளேயே எலும்பு வளர்வதுண்டு. முதல் இரண்டு, மூன்று நாட்களுக்குத் தேவையானது ஓய்வு, துணி சுற்றிய பனிக்கட்டி, மிதமான கட்டு, காலை உயர்த்தி வைத்தல் ஆகியவையே.

இருபது நிமிடம்

செலவே இல்லாத தடுப்பு ஒன்று இருக்கிறது. ‘11+’ என்ற பெயரில் ஃபிஃபாவின் மருத்துவக் குழு உருவாக்கிய வார்ம்-அப் முறை. மொத்தம் 15 பயிற்சிகள், 20 நிமிடம். மெதுவான ஓட்டத்தில் தொடங்கி, உடல் நடுப்பகுதியையும் பின்தொடைத் தசையையும் வலுவாக்கும் பயிற்சிகள், ஒற்றைக் காலில் சமநிலை, குதித்து இறங்குதல் வழியாக, திசைமாற்றி ஓடுவதில் முடியும். ஒவ்வொன்றிலும் பயிற்சியாளர் பார்க்க வேண்டியது ஒன்றே: முழங்கால் உட்புறம் சரியாமல் பாதத்துக்கு நேரே இருக்கிறதா? நார்வேயில் 125 கழகங்களைச் சேர்ந்த 13 முதல் 17 வயது வரையிலான 1892 பெண்களிடம் இதைச் சோதித்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். மொத்தக் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கும், கடுங்காயங்கள் ஏறக்குறையப் பாதியும் குறைந்தன. அவர்கள் முதன்மையாக அளக்க எண்ணிய கால் காயங்களில் தெரிந்த குறைவு மட்டும் புள்ளியியல் உறுதியை எட்டவில்லை. பின்வந்த ஆய்வுகள் முறையைப் பொதுவாக ஆதரிக்கின்றன. வாரத்துக்கு இரண்டு முறையேனும் ஒழுங்காகச் செய்தால்தான் பயன். மைதானத்தை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு ஆட்டத்தில் இறங்குவது இதற்கு ஈடாகாது. தேவைப்படும் கருவி ஒரு பந்து மட்டுமே. மாவட்ட விளையாட்டு அலுவலர் தொடங்கிக் கல்லூரி உடற்கல்வி இயக்குநர் வரை யாரிடமும் இதைக் கேட்கலாம். நிதி இல்லை என்ற விடை இதற்குப் பொருந்தாது. ஷின் கார்டு அணியாதவரை ஆடவிடக் கூடாது என்பது ஆட்ட விதியே. அதைத் திருவிழாப் போட்டிகள் வசதியாக மறந்துவிடுகின்றன.

சட்டத்தில் ஓர் ஓட்டை

தவறு நடந்தபின் என்ன செய்வது? தனியார் மருத்துவமனையில் பணம் கட்டியவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அரசு மருத்துவமனையில் இலவசமாகச் சிகிச்சை பெற்றவர் போக முடியாது. 1995இல் இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி.சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித் தீர்த்தது: எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகத் தரப்படும் சிகிச்சை, சட்டம் சொல்லும் ‘சேவை’ ஆகாது. 2019ஆம் ஆண்டுச் சட்டமும் இலவசச் சேவையை விலக்கியே வைத்திருக்கிறது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் சாதிப்பெயர் எதுவும் இல்லாத விதி. ஆனால் இந்த நாட்டில் இலவச வார்டில் படுத்திருப்பவர்கள் பெரும்பாலும் யார் என்பதைப் பார்த்தால், எளிய, விரைவான நிவாரணம் யாருக்கு மறுக்கப்படுகிறது என்பது விளங்கும். குற்றவழக்கும் எளிதன்று. ஜேக்கப் மேத்யூ வழக்கில் (2005) உச்ச நீதிமன்றம் மருத்துவர்மீது குற்றவழக்குத் தொடரக் கடும் அலட்சியம் தேவை என்றும், வேறொரு மருத்துவரின் கருத்தைப் பெற வேண்டும் என்றும் வரையறுத்தது. அலட்சியத்தில் சாதிய நோக்கை நிறுவுவது அரிதாகையால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இங்கே பெரும்பாலும் கைகொடுக்காது.

எஞ்சுபவை உயர் நீதிமன்றத்தில் அரசமைப்புச் சட்டம் 226ஆவது பிரிவின்கீழ் இழப்பீடு கோரும் மனு, உரிமையியல் வழக்கு, மனித உரிமை ஆணையம், மருத்துவக் கவுன்சிலில் முறையீடு. அரசு மருத்துவமனை உரிய சிகிச்சை தரத் தவறுவது 21ஆவது பிரிவை மீறுவதாகும் என்று பச்சிம் பங்க கேத் மஸ்தூர் சமிதி வழக்கில் (1996) உச்ச நீதிமன்றம் கூறியது. நிலமற்ற விவசாயத் தொழிலாளர்கள் சங்கம் தொடுத்த வழக்கு அது. வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்பதால் நிற்க வேண்டியதில்லை. சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு.

எந்த வழிக்கும் முதல் தேவை ஆவணம். சிகிச்சை ஆவணங்களை நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள் கூறுகின்றன. உயிர் தொடர்பான தகவலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 48 மணி நேரத்தில் பெறலாம். ஆனால் அலுவலகம் தரும் தாளில் கட்டு எப்போது தளர்த்தப்பட்டது என்ற வரி இல்லாமலே போகலாம். அறுவை முடிந்து வார்டுக்கு வந்த நேரம், முதலில் வலி என்று சொன்ன நேரம், யாரிடம் சொன்னோம், என்ன விடை வந்தது, யார் எப்போது வந்து காலைப் பார்த்தார்: இவற்றை உடனிருப்பவர் கைப்பேசியிலோ ஒரு பழைய நோட்டிலோ நேரம் போட்டு எழுதிக்கொண்டே வரலாம். விரல்களின் நிறம் தெரிய மணிக்கொரு முறை ஒரு படமும் எடுத்து வைக்கலாம்.